வெனிலா போட்டு மறைத்த பீர்

1

போன சனிக்கிழமை பால் வாங்கப் போனேன். எங்கள் தெருமுனை சூப்பர்மார்க்கெட்டில் பீர் வரிசையைத் தாண்டித்தான் பாலுக்குப் போக முடியும். தாண்டும்போது கண்ணில் பட்டது. கறுப்புப் பாட்டில். பொன்னிறத்தில் ஒரு வெனிலாப் பூ. பூவுக்குப் பக்கத்தில் முக்காடு போட்ட ஒரு பெண் மூக்கைத் தூக்கி எதையோ முகர்ந்துகொண்டு நிற்கிறாள். பாட்டிலின் கழுத்தில் ஏதோ போட்டியில் பரிசு வாங்கியதாக ஒரு ஸ்டிக்கர்.

அந்தப் பெண் நான்தான். நான் என் வாழ்நாளில் முக்காடு போட்டதில்லை. எங்கள் பக்கத்தில் நாற்று நடும்போது வெயிலுக்குத் துண்டைத் தலையில் சுற்றிக்கொள்வோம், அவ்வளவுதான். ஆனாலும் அது நான்தான். பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன். இந்தியாவில் பிறந்த எங்கள் சுவைநிபுணர் தன் பிள்ளைப்பருவ ஞாபகத்திலிருந்து எடுத்துக் கொடுத்த மணம் என்று பின்னால் அச்சடித்திருந்தார்கள்.

பால் வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். வெளிநாட்டில் இருப்பவள் எழுதுகிறாள் என்றால் பனி கொட்டுவதையும், ரயில் நேரத்துக்கு வருவதையும், தெருவில் குப்பை இல்லாததையும் எதிர்பார்ப்பீர்கள். அதெல்லாம் இருக்கத்தான் செய்கிறது. எழுதுவதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் என் பிள்ளைப்பருவ ஞாபகம் எது என்று சொல்கிறேன்.

2

எங்கள் ஊர் ஆந்திராவில் சத்தியவேடு பக்கம். தெற்கே ஒரு மணி நேரம் நடந்தால் தமிழ்நாடு. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, ரேஷன் கடையில் இரண்டும் கலந்து. எங்கள் காலனியில் யாருக்கும் சொந்தமாக நிலம் கிடையாது. நைனா முனுசாமி ஊர்க்காரர்களின் கழனியில் கூலி வேலை செய்தார். அம்மாவும்தான்.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் கூலியில் ஒரு பங்கைச் சாராயச் சீட்டாகக் கொடுப்பார்கள். வேலை கொடுத்தவர் சீட்டு கொடுப்பார். சீட்டைக் கொண்டுபோய்க் கடையில் கொடுத்தால் பிளாஸ்டிக் பாக்கெட்டில் சாராயம் கிடைக்கும். கடையை ஏலத்தில் எடுத்தவரும் வேலை கொடுத்தவரும் மாமன் மச்சான். கடை எங்கே இருந்தது தெரியுமா? ஊருக்குள் இல்லை. எங்கள் காலனிக்குள் நுழையும் இடத்தில். வேலை முடிந்து வீட்டுக்கு வரும் ஆண்கள் அதைத் தாண்டாமல் வர முடியாது. ‘இந்த ஜனங்களே குடிகாரர்கள்’ என்று பிறகு ஊரார் பேசினார்கள். வழியில் கடையை வைத்தது யார் என்று ஒருவரும் பேசவில்லை.

நான் பத்தாம் வகுப்பு எழுதி முடித்திருந்த சித்திரை மாதம். நைனா கடையிலிருந்து வந்து வாசலில் உட்கார்ந்தார். எனக்குச் சின்ன வயதிலிருந்தே மூக்கு கொஞ்சம் அதிகம். பாக்கெட் சாராயத்தின் நாற்றம் எப்படி இருக்கும் என்று எங்கள் காலனிப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும். அன்று அது வேறாக இருந்தது. அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகர்ந்தேன். இனிப்பாக, கிரீம் பிஸ்கட் மாதிரி ஒரு வாசனை. அதற்கு அடியில் பெயிண்ட் மாதிரி ஏதோ ஒன்று.

“இன்னா நைனா, துண்டுல பிஸ்கோத்து வாசன வருது?” என்று கேட்டேன்.

“புது சரக்காம் பாப்பா. கொமட்டவே இல்ல. எல்லாரும் நல்லா கீதுன்னு சொல்லிக்கினு போனாங்க” என்றார்.

மறுநாள் உச்சிவெயிலில், வாசல் முழுக்க வெளிச்சம் கொட்டிக்கொண்டிருந்தபோது, “வெளக்க ஏத்து பாப்பா, ஒண்ணும் தெரீல” என்றார். அம்மா அவர் முகத்துக்கு முன்னால் கையை ஆட்டிப் பார்த்தாள். கண் இமைக்கவில்லை. பிறகு வாந்தி. பிறகு வாயில் நுரை. பக்கத்துத் தெருவிலும் இரண்டு வீட்டில் இதே கதை. செங்கல் ஏற்ற வந்த டிராக்டரில் எல்லாரையும் படுக்கவைத்துத் திருப்பதி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். புத்தூர் தாண்டுவதற்குள் நைனா போய்விட்டார்.

போலீஸ் ஸ்டேஷனில் எஸ்.ஐ. ‘வடதெப்ப’ என்று எழுதினார். தெலுங்கில் வெயில் தாக்கியது என்று பொருள். நான் அம்மாவின் பின்னால் நின்றிருந்தவள் முன்னால் வந்து, “சார், அந்தப் பாக்கெட்ல வேற வாசன இருந்துச்சு. எத்தையோ கலந்து, தெரியக்கூடாதுன்னு வாசன போட்டுக்கீறாங்க” என்று தமிழில் சொல்லி, அவருக்குப் புரியவில்லையோ என்று தெலுங்கிலும் சொன்னேன்.

அவர் தலையை நிமிர்த்தாமலே கேட்டார். “வாசன சூசி செப்பேதானிகி நுவ்வு குக்கவா?”

மோந்து பார்த்துச் சொல்ல நீ நாயா என்று கேட்டார். அங்கே இருந்தவர்கள் சிரித்தார்கள். கடைக்காரரின் ஆளும் அங்கேதான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவரும் சிரித்தார்.

அந்த இனிப்பு வாசனையின் பெயர் எனக்குத் தெரியாது. நான்கு வருடம் கழித்து, திருப்பதியில் பட்டப்படிப்பு படிக்கும்போது ஹாஸ்டல் தோழிகள் பஸ் ஸ்டாண்டு பக்கம் புதிதாகத் திறந்த ஐஸ்கிரீம் கடைக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். ஏ.சி., கண்ணாடிக் கதவு, கலர் கலராக விளக்கு. நாடே புதிதாகத் திறந்துகொண்டிருந்த காலம். எங்களுக்கு அது ஒரு ஐஸ்கிரீம் கடையாகத் திறந்தது. வெள்ளைக் கிண்ணத்தை முன்னால் வைத்தார்கள். முகர்ந்ததும் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்துவிட்டேன்.

“இதி ஏ ஃப்ளேவர்?” என்று கேட்டேன்.

“வெனிலா” என்றான் பரிமாறியவன்.

3

மைக்ரோபயாலஜி படித்தேன். எந்தப் பொருளில் எந்தக் கிருமி வளர்கிறது, எது கெட்டது, எது கெடாதது என்று கண்டுபிடிக்கும் படிப்பு. ஏன் அதை எடுத்தாய் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் துண்டைப் பற்றிச் சொல்லியிருப்பேன்.

கம்ப்யூட்டர் படித்தவர்களை விமானம் விமானமாக ஏற்றிக்கொண்டிருந்த காலத்தில் நான் கம்ப்யூட்டர் படிக்காமலே இங்கிலாந்துக்கு வந்தேன். மேல்படிப்பு முடித்ததும் எனக்குக் கிடைத்த ஒரே வேலை வடக்கே ஒரு சின்ன ஊரில் பீர் தயாரிக்கும் ஆலையின் ஆய்வகத்தில். முதலாளி பெயர் கிரெய்க். வேலை அனுமதி அவர் கம்பெனியின் பெயரில். அவர் வேண்டாம் என்றால் அரசாங்கமும் வேண்டாம் என்றுவிடும்.

எனக்குக் குடும்பப் பெயர் கிடையாது என்பதைப் பாஸ்போர்ட் ஆபீஸ் ஒப்புக்கொள்ளவில்லை. நைனாவின் பெயரை அந்தக் கட்டத்தில் போட்டார்கள். அதனால் இந்த நாட்டு அரசாங்கம் எனக்கு அனுப்பும் எல்லாக் காகிதமும் ‘அன்புள்ள முனுசாமி’ என்றுதான் தொடங்கும். வரி கட்டு முனுசாமி. விரல்ரேகை கொடு முனுசாமி. நைனாவுக்கு அவர் வாழ்ந்த நாட்டில் ஒரு காகிதம்கூட வந்ததில்லை.

பீர் கம்பெனி என்று அம்மாவிடம் எப்படிச் சொல்வது? சோடா கம்பெனி என்றேன். “அங்க குளுராமே, சோடா எவன் குடிப்பான்?” என்று கேட்டாள். குடிக்கிறார்கள் என்றேன். என் கணவர் சேகர் நகரிக்காரர், இங்கே பஸ் ஓட்டுகிறார். அவரும் சோடா என்றே சொன்னார். எங்கள் மகள் நிலாவுக்கு மட்டும் இந்த விஷயம் சொல்லிக்கொடுக்க முடியவில்லை. அவளுக்குத் தமிழில் பொய் சொல்லும் அளவுக்குத் தமிழ் வராது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா போனில், உங்க அம்மா எங்கே என்று கேட்டதற்கு, “அம்மா பீர்... பீர் ஃபேக்டரி” என்று சொல்லிவிட்டாள். அம்மாவுக்குப் பீர்க்கங்காய் என்று கேட்டிருக்கிறது. “பீர்க்கங்கா ஃபேக்டரியா? அங்க பீர்க்கங்கா காய்க்குதா?” என்று என்னிடம் ஆச்சரியப்பட்டாள். ஆமாம், சோடா கம்பெனிக்குப் பக்கத்தில் இருக்கிறது என்றேன். சேகர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் மகளும் என் அம்மாவும் ஒரு வாக்கியம் பேச முடியவில்லையே என்று யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் பாத்திரங்களைச் சத்தமாகக் கழுவினேன்.

அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன். பீர் ருசி பார்ப்பது குடிப்பது அல்ல. முதலில் முகர வேண்டும். பிறகு வெளிச்சத்தில் தூக்கி நிறம் பார்க்க வேண்டும். ஒரு வாய் எடுத்து நாக்கின் எல்லா மூலைக்கும் அனுப்ப வேண்டும். கசப்பு தொண்டையில்தான் தெரியும் என்பதால் கொஞ்சம் விழுங்கியும் ஆக வேண்டும். நல்ல கறுப்பு பீரில் கருக வறுத்த கேழ்வரகின் வாசம் இருக்கும். அடிப்பிடித்த வெல்லப்பாகு, ஆறிப்போன டிகாக்‌ஷன், கடைசியில் நாக்கை லேசாகப் பிடிக்கும் ஒரு துவர்ப்பு. வெனிலா போட்டுச் செய்த நல்ல பீரும் உண்டு. உண்மையான வெனிலாக் காயைப் பிளந்து ஊறப்போட்டால் அதில் உலர்ந்த திராட்சை, பழைய மரப்பெட்டி எல்லாம் சேர்ந்து வரும். வெனிலாவே ஆகாது என்று இருந்தவள் அதையும் நியாயமாக மதிப்பிடக் கற்றுக்கொண்டேன். கிரெய்க் வருகிறவர்களிடமெல்லாம், “சுகுணாவுக்கு வேட்டைநாயின் மூக்கு” என்று பெருமையாகச் சொல்வார். அவரைப் பொறுத்தவரை அது பாராட்டு.

4

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு வசந்தகாலத்தில் பெரிய தொட்டி ஒன்றில் கறுப்பு பீர் கெட்டுப்போனது. குழாயைச் சரியாகக் கழுவவில்லை. நான் மாதிரி எடுத்து வளர்த்துப் பார்த்தேன். தயிரைப் புளிக்கவைக்கும் கிருமிக்குப் பங்காளி ஒன்று தட்டு முழுக்கப் பூத்திருந்தது. ருசி பார்த்தேன். மூன்றாம் நாள் பழையதுபோல ஒரு புளிப்பு, அதன்மேல் ஊசிப்போன வெண்ணெய். கொட்டிவிட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். கிரெய்க் சரி என்றார்.

ஒரு வாரம் கழித்து என் மேசைக்கு ஒரு கிளாஸ் கொண்டுவந்து வைத்தார்.

“புதுசு. ருசி பார்த்துச் சொல்லு.”

தூக்குவதற்கு முன்பே வந்துவிட்டது. கிரீம் பிஸ்கட். காயின் வாசம் இல்லை. திராட்சையும் இல்லை, மரப்பெட்டியும் இல்லை. கேனில் வரும் எசன்ஸ். கண்ணை மூடிக்கொண்டு அந்த இனிப்பை விலக்கி உள்ளே போனேன். அடியில் அதே ஊசிப்போன வெண்ணெய்.

“இது அந்தத் தொட்டி” என்றேன்.

அவர் சிரித்தார். “யாருக்குத் தெரியும்? உன்னைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது. மூன்று பேருக்குக் கொடுத்தேன், மூன்று பேரும் இன்னொரு கிளாஸ் கேட்டார்கள்.”

“கெட்டுப்போனது கிரெய்க்.”

“புளித்தது. இதனால் யாருக்கும் எதுவும் ஆகாது. உனக்கே அது தெரியும்.”

தெரியும். அந்தப் பீர் யார் கண்ணையும் பறிக்காது. அதிகம் போனால் வயிற்றைக் கலக்கும். எங்கள் ஊர்ப் பாக்கெட்டும் இதுவும் ஒன்று என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் மேலே வாசனையை ஊற்றி, கீழே இருப்பதைத் தெரியாமல் செய்து, நம்பி வருகிறவன் வாயில் ஊற்றும் கை ஒரே கைதான். அந்தக் கையைப் பார்த்ததும் எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது.

அவர் அத்தோடு நிற்கவில்லை. படம் ஒன்றைக் காட்டினார். முக்காடு, மூக்கு, பூ. “உன்னை வைத்துத்தான் வரையச் சொன்னேன். இந்தியா, வாசனை, ஞாபகம். உங்கள் வீட்டில் வெனிலா போட்டு ஏதாவது இனிப்பு செய்திருப்பீர்களே?”

“எங்கள் வீட்டில் வெனிலா ஒரே ஒரு நாள்தான் வந்தது” என்றேன். எப்போது என்று அவர் கேட்கவில்லை. ‘அருமை’ என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பாட்டிலுக்குப் பின்னால் இருக்கும் வாசகம் அந்த ஒரு வரியிலிருந்துதான் வந்தது.

போகும்போது வாசலில் நின்று, “அடுத்த மாதம் மதுக்கடைக்காரர்களைக் கூப்பிட்டிருக்கிறேன். நீதான் ருசி பார்த்துப் பேச வேண்டும். உன் அனுமதியைப் புதுப்பிக்கிற வேலையும் அடுத்த மாதம்தானே வருகிறது?” என்றார். இரண்டையும் ஒரே குரலில் சொன்னார். மிரட்டல் என்று எழுதிக் காட்ட முடியாது. அவ்வளவு நயமான குரல்.

5

சேகரிடம் சொன்னேன். அவர் டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

“புளிச்ச பீருதானே? வெள்ளக்காரன் குடிச்சா இன்னா, கொட்டுனா இன்னா? ஒனக்கு எதுக்கு அவ்ளோ ரோஷம்?”

“எங்க நைனாவுக்கு அப்பிடித்தான் குடுத்தாங்க.”

“நைனா கத வேற, இது வேற. நீ வாயத் தொறந்தா நாம மூணு பேரும் மூட்ட கட்டணும். நிலாவ எந்த இஸ்கோல்ல சேப்ப? அவளுக்கு அம்மான்னு எழுதக்கூடத் தெரியாது. தெலுங்கு மீடியத்துல உக்காத்தி வெப்பியா?”

அவர் சொன்னதில் தப்பு இல்லை. அவருடைய பஸ், நிலாவின் பள்ளிக்கூடம், நாங்கள் இருந்த வீடு எல்லாம் என் அனுமதியில் தொங்கிக்கொண்டிருந்தன. அதனால்தான் எனக்குக் கோபம் இன்னும் ஏறியது. சாராயச் சீட்டை வாங்கிக்கொண்டு வந்த நைனாவிடம், “பணமாக் கொடுன்னு கேக்கறது தானே” என்று அம்மா கத்துவாள். “கேட்டா நாளைக்கி வேல இல்லன்னுவான்” என்பார் அவர். நான் கடல் தாண்டி வந்து, குளிர்கோட்டு போட்டுக்கொண்டு, இங்கிலீஷில் அதே இடத்தில் நிற்கிறேன்.

நிலா மாடிப்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். தமிழில் சண்டை போட்டால் அவளுக்குப் புரியாது என்பது எங்கள் நினைப்பு. பேசத்தான் வராது அவளுக்கு. அவள் இங்கிலீஷில் கேட்டாள்: “தாத்தாவுக்கு என்ன கொடுத்தார்கள்?”

உட்கார்த்திவைத்துச் சொன்னேன். நடுவில் தமிழ் வார்த்தை வந்த இடத்திலெல்லாம் நிறுத்தி, பொருள் கேட்டுக்கொண்டாள். ‘குக்க’ என்ற இடத்திலும் கேட்டாள். சொன்னேன். அவள் முகம் சிவந்துவிட்டது. எழுந்து போய்க் கதவை அறைந்து சாத்திக்கொண்டாள். என் மகள் என்னைவிட்டு விலகிப்போகிறாள் என்று பல வருடமாகப் புலம்பியிருக்கிறேன். அந்தக் கதவுச் சத்தம் எனக்கு ஆறுதலாக இருந்தது. என் வீட்டில் இன்னொருத்திக்கும் கோபம் வருகிறது.

6

மதுக்கடைக்காரர்கள் ஒரு மத்தியான வேளையில் வந்தார்கள். ஆலை முற்றத்தில் வெள்ளைத் துணி விரித்த மேசைகள். பாலாடைக்கட்டி, ரொட்டி. கிரெய்க் என்னைப் புடவையில் வரச் சொல்லியிருந்தார். நான் ஆய்வகக் கோட்டில் போனேன்.

“இந்த மணம் யாருடைய ஞாபகமோ அவரே சொல்வார்” என்று என் கையில் கிளாஸைக் கொடுத்தார்.

முகர்ந்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். ஒரு வாய் எடுத்தேன், கொஞ்சம் விழுங்கினேன். எப்போதும் செய்வதை எப்போதும்போலச் செய்தேன். பிறகு மேசைமேல் வைத்துவிட்டு, தொழில் பேசும் குரலில் சொன்னேன்.

“மேலே இருப்பது வெனிலா எசன்ஸ். காயிலிருந்து வந்தது இல்லை. கீழே இருப்பது கெட்டுப்போன பீர். கழுவாத குழாயிலிருந்து கிருமி விழுந்திருக்கிறது. கொட்டிவிடச் சொல்லி எழுதிக் கொடுத்தவள் நான். கொட்டவில்லை, வாசனை போட்டு உங்களிடம் கொண்டுவந்திருக்கிறார்கள். மூக்கைக் கிளாஸுக்குள் விட்டு, முதலில் வரும் இனிப்பு போகிறவரை பொறுத்துப் பாருங்கள். ஊசிப்போன வெண்ணெய் வரும்.”

ஒரு வயதான கடைக்கார அம்மாள் நான் சொன்னபடியே முகர்ந்து பார்த்தாள், கிளாஸைக் கீழே வைத்தாள், கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். அடுத்து என்ன நடந்தது என்று கேளுங்கள். கிரெய்க் கைதட்டிச் சிரித்தார். “பார்த்தீர்களா? இப்படி ஒரு கறாரான ஆளை வைத்துத்தான் நாங்கள் பீர் செய்கிறோம்!” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். ஒரு தடித்த மனிதர் கிளாஸைக் காலி செய்துவிட்டு, “எனக்கு அந்தப் புளிப்புதான் பிடித்திருக்கிறது” என்று அங்கேயே ஆர்டர் கொடுத்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் கொடுத்தார்கள்.

ஸ்டேஷனில் அவ்வளவு பேர் சிரித்தபோது எனக்குப் பதினைந்து வயது. அழுதேன். இந்த முறை அழவில்லை. கோட்டைக் கழற்றி அந்த வெள்ளைத் துணிமேல் போட்டுவிட்டு வெளியே வந்தேன். வேலை போய்விட்டது என்று கிரெய்க் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மறுவாரம் அரசாங்கமே சொன்னது. அன்புள்ள முனுசாமி, உங்களுக்கு இந்த நாட்டில் தங்க இருந்த காரணம் முடிந்துவிட்டது.

உணவுத் தரம் பார்க்கும் அலுவலகத்துக்கு எழுதினேன். உடல்நலத்துக்கு ஆபத்து இருப்பதாகத் தெரியவில்லை, சுவை என்பது அவரவர் விருப்பம் என்று மரியாதையாகப் பதில் வந்தது.

நாட்டைவிட்டுக் கிளம்பக் கொடுத்த கெடு முடிவதற்குள் இந்த ஊரில் ஒரு பால் பண்ணை ஆய்வகம் என்னை எடுத்துக்கொண்டது. வீடு மாறினோம். நிலா பள்ளிக்கூடம் மாறினாள். சேகர் வேறு டிப்போவில் முதலிலிருந்து தொடங்கினார். ஆறு மாதம் என்னிடம் சாப்பாட்டைத் தவிர வேறு எதுவும் கேட்கவில்லை. அந்தப் பீர் பரிசும் வாங்கி, என் பின்னாலேயே இந்த ஊருக்கும் வந்து சேர்ந்துவிட்டது. நான் தோற்றுப்போனேன் என்று எழுதுவதில் எனக்கு வெட்கம் இல்லை. வெட்கப்பட வேண்டியவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள்.

7

வேலை போனதும் அம்மா கேட்டாள். “சோடா கம்பெனில இன்னாத்துக்குத் தொரத்துனாங்க?”

இனி சோடா இல்லை என்று முடிவு செய்து எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை கேட்டாள்.

“இத்தினி வருஷமா பீர் கம்பெனிலயா இருந்த?”

“ஆமாம்மா.”

“நைனா நொர தள்ளிக்கினு செத்தத மடில வெச்சிக்கினு பாத்தவ நீ. அதுல வந்த சோத்ததான் துன்னுக்கினு இருந்தியா? எனக்கும் அதுலதான் போட்டியா?”

போனை வைத்துவிட்டாள். அதன் பிறகு என்னிடம் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் வரும். சேகரிடம் பேசுவாள். நிலாவிடம் பேசுவாள், நிலாவின் தமிழ் அந்த இரண்டு வருடத்தில் நன்றாகவே தேறிவிட்டது. நான் பக்கத்தில் நிற்பது தெரிந்தும், “அவள தரவாணாம்” என்பாள். எனக்கு அவள்மேலும் கோபம்தான். உண்மையைச் சொன்னதற்கு இரண்டு இடத்திலும் எனக்குக் கிடைத்தது ஒன்றுதான்.

இதை இங்கேயே நிறுத்தியிருப்பேன். நேற்று மத்தியானம் போன் வந்தது. நிலா எடுத்தாள். கேட்டுவிட்டு என்னிடம் நீட்டினாள். “உன்னைத்தான்” என்றாள் தமிழில்.

“சுகுணா” என்றாள் அம்மா. இரண்டு வருடம் பேசாதவள் போலவே இல்லை அவள் குரல். “இஸ்கோலு பக்கத்துல பெல்ட் ஷாப்பு வெச்சிக்கீறான்.”

லைசென்ஸ் கடைக்காரர் ஊருக்குள் திருட்டுத்தனமாக நடத்தும் கிளைக்கடைக்கு எங்கள் பக்கத்தில் அப்படித்தான் பெயர்.

“பேரே கேள்விப்படாத பாட்டிலு. வாசன மட்டும் ஜம்முனு கீதாம். நம்ம தெரு கோவிந்தனுக்கு முந்தாநேத்துலேருந்து கண்ணு மங்கிக்கினு வருது.”

“ஆஸ்பத்திரிக்கி இட்டுக்கினு போனீங்களா?”

“வாந்தி எடுக்க சொல்லோவே திருப்பதிக்கி அனுப்பிட்டேன். நான் உட்டுடுவனா? பொழச்சிக்குவான்னு சொல்றாங்க. ஸ்டேஷன்ல வடதெப்பன்னு ஆரம்பிச்சான். நான் உக்காந்த எடத்தவுட்டு எழுந்துக்கல. நாளக்கழிச்சி பொம்பளைங்க எல்லாம் சித்தூருக்கு கலெக்டராண்ட போறோம். நீ எழுதிக் குடு. எத்த கலக்குவாங்க, எத்த போட்டு மறைப்பாங்க, எப்பிடி டெஸ்ட் பண்ணா தெரியும், எல்லாம்.”

அன்றே உட்கார்ந்து எழுதினேன். இங்கிலீஷில் ஒன்று, தெலுங்கில் ஒன்று. கண்ணைக் கெடுப்பது எது, அதைக் கண்டுபிடிக்கும் சோதனை எது, வாசனைக்கு எசன்ஸ் எப்படிச் சேர்ப்பார்கள், பாட்டிலை முதலில் எங்கே அனுப்ப வேண்டும் எல்லாவற்றையும் எழுதி, போனில் அம்மாவுக்குத் தெலுங்கில் படித்துக் காட்டினேன். பின்னால் நாலைந்து பெண்களின் குரல் கேட்டது. இரண்டு இடத்தில் நிறுத்தி, இன்னும் காரமாக எழுதச் சொன்னாள்.

“கீழ இன்னா போட்டுக்கீற?” என்று கேட்டாள்.

“சுகுணா முனுசாமி, எம்.எஸ்சி., பால் பண்ணை ஆய்வகம்.”

“பாலு எதுக்குடி? சாராயத்தப் பத்தி பால்காரி சொன்னா எவன் கேப்பான்? பீர் கம்பெனில வேல செஞ்சவன்னு போடு. எத்தினி வருஷம் செஞ்சியோ அத்தினி வருஷத்தையும் போடு.”

பாலை அடித்துவிட்டுப் போட்டேன்.